ஊர் தெரிந்த குரல்

ஆடுதுறை 27 என்ற நெல் 1960களின் நடுவில் தஞ்சாவூர் வயல்களுக்கு வந்தது. அந்தப் பெயரையும் எண்ணையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது? ‘ரேடியோ நெல்’ என்றே சொல்லிவிட்டார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் கேட்டுத்தான் அந்த விதையைப் பற்றி ஊர் ஊராகத் தெரிந்தது. என்ன உரம், எத்தனை நாளில் கதிர் வரும், என்ன பூச்சி தாக்கும் என்பதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, மறுநாள் வயலில் செய்து பார்த்தார்கள்.

வானொலியில் வேலைக்குப் போகலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்த நெல்லின் கதையைத்தான். அவர்களில் பெரும்பாலோர், “என் குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க சார்” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த நெல்லைப் பற்றிச் சொன்ன குரல் யாருடையது என்று இன்று தஞ்சாவூரில் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? நெல்லைத்தான் சொல்வார்கள். தென்கச்சி கோ. சுவாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை படித்துவிட்டு, பண்ணை நிகழ்ச்சி வழியாக வானொலிக்குள் வந்தவர். ‘இன்று ஒரு தகவல்’ அவரை வீடு வீடாகக் கொண்டுபோனது அதற்குப் பிறகு. அவருடைய குரலைக் கம்பீரம் என்று அவருடைய ரசிகர்களே சொல்லமாட்டார்கள். ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுவார், சிரிக்கவும் மாட்டார், கேட்டவர்கள்தான் சிரித்தார்கள். கிராமத்து ஆள் எதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளூர் வானொலிக்குக் குரலைவிடக் காது முக்கியம், காதைவிட ஊரைத் தெரிந்திருப்பது முக்கியம். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஆனால் இது எப்படி வேலையாகிறது, எப்படிச் சம்பளமாகிறது என்பது கொஞ்சம் சுற்றுவழி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் சட்டம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் வானொலியில் செய்தி தயாரித்துச் சொல்லும் உரிமை அரசு வானொலியான ஆகாஷ்வாணிக்கு மட்டும்தான். தொலைக்காட்சியில் ராத்திரி பகலாகச் செய்தி ஓடுகிறது, கைபேசியில் யார் வேண்டுமானாலும் சேனல் தொடங்கிச் செய்தி வாசிக்கலாம். ஆனால் ஏலத்தில் கோடிக்கணக்கில் கட்டி உரிமம் எடுத்த தனியார் பண்பலை நிலையம் சொந்தமாக இரண்டு நிமிடச் செய்தி அறிக்கை போட முடியாது. காற்றலைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் செய்தி விஷயத்தில் கதவு ஒருக்களித்துத்தான் திறந்திருக்கிறது. ஆகாஷ்வாணியின் அறிக்கையை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பிக்கொள்ளலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தருகிற மின்தடை, குடிநீர், பேரிடர் அறிவிப்புகள் எல்லாம் ‘செய்தி அல்ல’ என்று 2011இல் வந்த மூன்றாம் கட்ட பண்பலை விதிகள் வகைப்படுத்திவிட்டதால் அவற்றையும் சொல்லலாம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? பாலத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது, மாற்றுப் பாதையில் போங்கள் என்று பண்பலைத் தொகுப்பாளர் சொல்லலாம். கட்டி ஆறு மாதத்தில் அந்தப் பாலம் ஏன் விரிசல் விட்டது என்று கேட்கக் கூடாது. எனக்கு இது பொருந்தாத விதியாகத்தான் படுகிறது. தனியார் நிலையங்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தி கொடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, அனுமதி வேறு. ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: எனக்குச் செய்தி வேண்டுமா, மைக் வேண்டுமா? இரண்டுக்கும் வாசல் வேறு வேறு.

செய்தி வேண்டும் என்றால் ஆகாஷ்வாணி. சென்னை நிலையம் 1938இல் வந்தது, திருச்சி அடுத்த ஆண்டு. நாட்டின் முதல் ‘உள்ளூர் வானொலி நிலையம்’ நாகர்கோவிலில், 1984இல். மாநிலம் முழுவதற்கும் பேசாமல், சுற்றியுள்ள மக்களுக்காக, அவர்கள் பேச்சிலேயே பேசும் நிலையம் என்பதுதான் திட்டம். குமரி மாவட்டத்தின் ரப்பரும் மீனும் கோவில் கொடையும் சென்னையிலிருந்து பார்த்தால் தெரியாது, அல்லவா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. நிகழ்ச்சிப் பிரிவு வேறு, செய்திப் பிரிவு வேறு. பாட்டுக்கு முன்னும் பின்னும் பேசும் அறிவிப்பாளர் நிகழ்ச்சிப் பிரிவு. சென்னை, திருச்சி போன்ற இடங்களில் உள்ள மண்டலச் செய்திப் பிரிவுதான் செய்தி தயாரிக்கிறது. அதன் ஆசிரியர் இந்தியத் தகவல் பணி அதிகாரி. கலெக்டர் வேலைக்கு எழுதுகிற அதே குடிமைப் பணித் தேர்வை எழுதி அந்தப் பணிக்கு வருகிறவர்கள் உண்டு. அது நீண்ட பாதை. நம் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று, மாவட்டத்தில் பகுதிநேரச் செய்தியாளர். இரண்டு, தற்காலிகச் செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர். ‘மற்றும் மொழிபெயர்ப்பாளர்’ என்பதைக் கவனியுங்கள். வருகிற செய்தியில் பாதி ஆங்கிலத்தில்தான் வரும். நல்ல குரல் இருந்து மொழிபெயர்க்கத் தெரியாதவரைவிட, சுமாரான குரலோடு பத்து நிமிடத்தில் நாலு செய்தியைத் தமிழாக்கித் தருகிறவர்தான் ஆசிரியருக்கு வேண்டியவர்.

எழுத்துத் தேர்வு, மொழிபெயர்ப்பு, அதன் பிறகு மைக் முன்னால் குரல் தேர்வு. தேறினால் உங்கள் பெயர் பட்டியலில் ஏறும். ஏறினால் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். பட்டியலில் உள்ளவர்களை முறை வைத்துக் கூப்பிடுவார்கள். ஒருவருக்கு மாதம் ஆறு முறைக்கு மேல் கிடைக்காது. கூப்பிட்ட நாளுக்குத்தான் பணம். பகுதிநேரச் செய்தியாளருக்கும் மாதம் ஒரு சிறு தொகைதான். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. கையில் இருக்கிற வேலையை ராஜினாமா செய்துவிட்டு வராதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

கற்பனையாக ஒரு செய்திக் குறிப்பு வைத்துக்கொள்வோம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இப்படி வரும்: ‘மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கில் நேற்று நடைபெற்ற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலந்துகொண்டு, சம்பா சாகுபடிக்குத் தேவையான யூரியா கிடைக்கவில்லை எனப் புகார் தெரிவித்து, உரிய நடவடிக்கை எடுத்திட வேண்டும் என வலியுறுத்திய விவசாயிகளுக்குப் பதிலளித்துப் பேசிய ஆட்சியர், தட்டுப்பாடு ஏதும் இல்லை எனவும், 1,847 மெட்ரிக் டன் யூரியா இருப்பில் உள்ளதாகவும் தெரிவித்தார்.’

பத்திரிகையில் இதை ஒருவாறு படித்துவிடலாம். கண் முன்னும் பின்னும் போய்வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் வினை கடைசியில் வருவதால், யார் என்ன செய்தார் என்று தெரிய கேட்பவர் வாக்கியத்தின் முடிவுவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பால்காரர் மணி அடித்துவிடுவார். வானொலிக்கு இதை உடைக்க வேண்டும்.

‘சம்பா நேரத்தில் யூரியா கிடைக்கவில்லை என்று விவசாயிகள் புகார் கூறியிருக்கிறார்கள். நேற்று நடந்த குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை எழுப்பினார்கள். தட்டுப்பாடு இல்லை என்பது ஆட்சியரின் பதில். சுமார் ஆயிரத்து எண்ணூறு டன் கையிருப்பில் இருப்பதாக அவர் கூறினார்.’

நாலு வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம். ஆனால் இங்கே சுருக்கத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது, பாருங்கள். குறிப்பில் விவசாயி ஒரு பெயரெச்சத்துக்குள் ஒளிந்துகிடந்தார். இங்கே முதலில் வந்துவிட்டார். அரசு நிலையத்தில் ஆட்சியரை முன்னால் போடுவதுதான் வழக்கம். ஆட்சியரை நீங்கள் அகற்றவும் இல்லை, அவர் சொன்னதை மறுக்கவும் இல்லை. கூட்டத்தில் எது முதலில் நடந்ததோ அதை முதலில் சொன்னீர்கள், அவ்வளவுதான். இதழியல் வகுப்பில் எவ்வளவோ கோட்பாடு சொல்லித்தருகிறார்கள். தினசரி வேலையில் இதழியல் என்பது பெரும்பாலும் இந்த மாதிரி வரிசை மாற்றத்தில்தான் இருக்கிறது.

1,847ஐ ஆயிரத்து எண்ணூறாக ஆக்கினோம். எல்லா எண்ணையும் இப்படி ஆக்கலாமா? கூடாது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. ‘நீர்மட்டம் சுமார் நூற்றுப் பத்து அடி’ என்று டெல்டாவில் செய்தி வாசித்துப் பாருங்கள், கடிதம் வரும். அங்கே புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணும் வேண்டும், நேற்றைக்கு எவ்வளவு இருந்தது என்பதும் வேண்டும், விநாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது, எத்தனை திறக்கிறார்கள் என்பதும் வேண்டும். அந்த எண்களை வைத்துத்தான் ஒருவர் நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். எந்த எண்ணைத் தேய்க்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஊர் சொல்லித்தர வேண்டும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். ‘பாபநாசத்தில் கனமழை’ என்றால் எந்தப் பாபநாசம்? தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது, பொதிகை மலை அடிவாரத்தில் அணையோடு ஒன்று இருக்கிறது. ஆலங்குடி என்றால் புதுக்கோட்டைக்காரர் ஓர் ஊரை நினைப்பார், குருபகவானைக் கும்பிடப் போகிறவர் திருவாரூர்ப் பக்கம் வேறோர் ஊரை நினைப்பார். ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சிச் செய்தியில் இந்த வித்தியாசம் இருக்காது. குறில் நெடில்கூட இருக்காது. தன் ஊர்ப் பெயரைத் தப்பாக வாசிக்கிற நிலையத்தைக் கேட்பவர் மன்னிக்கவே மாட்டார். பிரதமரின் பெயரைத் தடுமாறினால் சிரித்துவிட்டுப் போவார்.

வாசிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த காலத்தில் அவருடைய உச்சரிப்பை வைத்தே வீட்டுப் பிள்ளைகளுக்கு ழகரம் திருத்தியவர்கள் உண்டு. அந்தத் தெளிவுக்குப் பின்னால் இருப்பவை சின்னச் சின்ன ஒழுக்கங்கள். தாள்களைப் பின் அடிக்கக் கூடாது. ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். வாசித்த தாளைத் தூக்கிப் புரட்டாமல் மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திவிட வேண்டும், சரசரப்பு மைக்கில் ஏறும். ஒரு வாக்கியம் இந்தத் தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக் கூடாது. மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அழுத்தும் சொல்லின் அடியில் ஒரு கோடு. மைக்குக்கு நேரே வாயை வைத்தால் ‘ப’ எல்லாம் பட்டாசாக வெடிக்கும், கொஞ்சம் சாய்வாக உட்கார வேண்டும். தமிழில் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் என்பது நிதானமான வேகம். அதனால் கடைசிச் செய்தி எப்போதும் வெட்டக்கூடியதாக, இரண்டே வரியில் இருக்க வேண்டும். நேரம் நெருங்கினால் அதை விட்டுவிட்டு வானிலைக்குப் போய்விடலாம். புதிதாக வருகிறவர் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்ப்பார். அனுபவசாலி செய்தியை விடுவார்.

ஆகாஷ்வாணிக்கும் தனியார் பண்பலைக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு வாசல் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. சமுதாய வானொலி. கல்வி நிறுவனங்களுக்கு 2002இல் அனுமதி வந்தது. அந்த வழியில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக 2004 பிப்ரவரியில் தொடங்கியது அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வாசல் திறந்தது. நூறு வாட் சக்தி, முப்பது மீட்டர் உயரக் கம்பம். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்வரை கேட்கும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும். விளம்பர நேரம் மணிக்கு ஏழு நிமிடமாக இருந்ததை 2024இல் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். செய்தித் தடை இவர்களுக்கும் உண்டு. ஆனாலும் பத்து கிலோமீட்டருக்குள் எது செய்தி, எது தகவல் என்ற கோடு தானாகவே மங்கிவிடுகிறது.

பாம்பனில் 2016 முதல் நடக்கும் கடலோசையை எடுத்துக்கொள்ளுங்கள், 90.4. கேட்பவர்கள் மீனவர்கள். அவர்களுக்குக் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், மீன்வளத் துறை இன்றைக்கு விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுக்கிறதா என்று தெரிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணத் தொகை வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். சட்டம் இவற்றை அறிவிப்பு என்று சொல்லட்டும். கரையில் நிற்பவருக்கு இதைவிடப் பெரிய தலைப்புச் செய்தி கிடையாது. ‘வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று வாசிப்பது சுலபம். ‘இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா?’ என்ற கேள்விக்குப் பதில் வாங்கிவருவதுதான் உள்ளூர்ச் செய்தியாளர் வேலை.

கடலூரில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் மாவட்ட நிர்வாகமே 107.8இல் ‘பேரிடர் கால வானொலி’ என்று ஒன்றை அவசரமாகத் தொடங்கியது. மின்சாரம் போய், கைபேசிக் கோபுரமும் படுத்துவிட்டால் மிஞ்சுவது பேட்டரி ரேடியோதான். அந்த மாதிரி நாளில் மைக் முன்னால் உட்காருகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னதும், அதற்குப் போகும் சாலையில் தரைப்பாலம் எங்கே இருக்கிறது என்று நினைவுக்கு வர வேண்டும். அது தெரியாதவரிடம் எவ்வளவு இனிமையான குரல் இருந்து என்ன?

தனியார் பண்பலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். சம்பளம் மாதாமாதம் வரும், ஆள் எடுப்பதும் அங்கேதான் அதிகம். நிகழ்ச்சித் தயாரிப்பு, ஜிங்கிள், விளம்பர ஸ்பாட், கடைத்திறப்புக்குப் போய் நேரலை என்று வேலை விரியும். பாதி நாள் விற்பனைப் பிரிவு சொல்வதற்கு ஆட வேண்டியிருக்கும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் தடுமாறாமல் பேசும் பழக்கமும், கன்சோலில் கை பழகுவதும் அங்கே வருவதுபோல வேறெங்கும் வராது. அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் உள்ளூர் கேபிள் செய்திக்கும் போனவர்கள் நிறைய. ஆனால் செய்தியாளர் ஆக வேண்டும் என்ற ஆசையோடு அங்கே போய், வருடக்கணக்கில் சினிமாக் கிசுகிசு சொல்லிக்கொண்டு புழுங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே தெரிந்து போனால் புழுங்க வேண்டியதில்லை.

வருமானத்தை எப்படிக் கட்டுவது? நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் நின்றவர்கள் யாரும் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. ஆகாஷ்வாணியில் மாதம் ஆறு நாள், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், நடுவில் விளம்பரக் குரல், ஆவணப்படத்துக்குப் பின்னணி, மொழிபெயர்ப்பு, தேர்தல் வந்தால் ஒரு தொலைக்காட்சிக்கு மாவட்டத் தகவல் என்று நாலைந்தைச் சேர்த்துப் பின்னியிருப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு சம்பளம் ஆகும். மாதம் முதல் தேதி கணக்கில் விழ வேண்டும் என்று நினைக்கிற மனசு இருந்தால், பள்ளிக்கூட வேலையை வைத்துக்கொண்டு இதை ஓரமாகச் செய்யுங்கள். அப்படிச் செய்பவர்களும் நல்ல செய்தி வாசிப்பாளர்களாக இருக்கிறார்கள்.

இன்றைக்கே தொடங்கலாமா என்றால், தொடங்கலாம். கைபேசியை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ‘விலை ஏறிடுச்சா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்ற ஒரே சொல்தான் கிடைக்கும். ‘போன வாரம் தக்காளி என்ன விலைக்குக் கொடுத்தீங்கம்மா, இன்னைக்கு என்ன விலைக்குக் கொடுக்குறீங்க?’ என்று கேளுங்கள், கதை கிடைக்கும். பேட்டி முடிந்ததும் உடனே நிறுத்திவிடாமல், யாரும் பேசாத சந்தை இரைச்சலை மட்டும் அரை நிமிடம் தனியாகப் பதிவுசெய்யுங்கள். வெட்டி ஒட்டிய இடம் தெரியாமல் இருக்க அது உதவும். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் போட்டு ஒன்றரை நிமிடமாகக் குறையுங்கள். உங்கள் குரல் அதில் இருபது விநாடிக்கு மேல் வேண்டாம். பின்னணியில் இசை போடாதீர்கள், இசை போட்டிருந்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் ஆசிரியர் நினைப்பார்.

வாரம் ஒன்றாக இப்படிப் பத்து சேர்ந்ததும், அதில் மூன்றை மட்டும் பொறுக்கிப் பக்கத்துச் சமுதாய வானொலிக்கு அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயர், ஊர், பொருள் மூன்றும் அதிலேயே இருக்கட்டும். ‘ரெக்கார்டிங் 17’ என்று வருகிற கோப்பை நிலையத்தில் யாரும் திறப்பதில்லை.